தம்பதிகளிடையே எச்.ஐ.வி. பரவாமற் காப்பது எப்படி?

நமது நாட்டில் எச்.ஐ.வி. கிருமி 1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அன்று இதற்கு மருந்து இல்லை, இன்று உண்டு. ஆயினும், தம்பதிகளில் ஒருவருக்கு இக்கிருமி இருப்பின் மற்றவரையும் அது பற்றியே தீரும் என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறானது. அபாயம் எவற்றால் மிகுகிறது, எவற்றால் குறைகிறது என்பதை நாம் அறிதல் அவசியம்.

அபாயத்தை மிகுவிப்பவை

முதன்மையானது, இரத்தத்திலுள்ள கிருமியின் அளவு. உகாண்டா நாட்டின் ராகாய் மாவட்டத்தில் 415 தம்பதிகளைக் கவனித்து நடத்திய ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிருமி பெருகப் பெருகத் தொற்றும் பெருகியது. ஒரு மில்லி லிட்டருக்கு 1,500-க்குக் குறைவாக இருந்தவர்களிடமிருந்து துணைவர் எவருக்கும் தொற்றவில்லை. கிருமி உடலில் புகுந்த முதற் சில வாரங்களிலும், சிகிச்சையின்றி நோய் முற்றிய காலத்திலும் இவ்வளவு மிக அதிகம்.

இரண்டாவது, பிறப்புறுப்பில் உண்டாகும் புண்களும் மேகநோய் முதலிய பால்வினை நோய்களும். கரையில் விரிசல் கண்டால் நீர் கசிவதுபோல, புண்ணின் வழியே கிருமி எளிதிற் புகும். ஆகவே இவற்றை மறைக்காமல் இருவரும் ஒருங்கே சிகிச்சை பெற வேண்டும். மலத்துவார வழிப் புணர்ச்சியும் அபாயத்தைப் பன்மடங்காக்கும். ஒரே வீட்டில் வாழ்வதாலோ, உடன் உண்பதாலோ இது பரவாது.

காக்கும் வழிகள்

சென்னை, புனே உட்பட ஒன்பது நாடுகளின் நகரங்களில் 1,763 தம்பதிகளிடையே நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. காலந்தாழ்த்தாது சிகிச்சை தொடங்கியதால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. மாத்திரையை இடைவிடாது உண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமியை அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் அது பரவுவதில்லை என்பது இன்று உறுதியாகியுள்ளது. அந்நிலையை எய்தும்வரை ஆணுறை இன்றியமையாதது. உடல் தேறியதென மாத்திரையை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். கரும்பு வெட்டவும் செங்கற்சூளைக்கும் வெளியூர் செல்வோர் போதிய மாத்திரைகளை உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

நமது கடமை

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். 2004-ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இலவசமாக அளிக்கப்படுகிறது. 1097 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். ஆனால், ஊரார் அறிந்துவிடுவரோ என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. ஒருவரது நோய்நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், அவரை ஒதுக்கி வைப்பதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியையே பழித்து வீட்டை விட்டு விலக்கும் கொடுமை நம் ஊரில் நிகழாமற் காப்பது பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரின் பொறுப்பாகும். பழிக்கு அஞ்சாமல் ஒருவர் பரிசோதனைக்குச் செல்லக்கூடிய ஊரில், அவருடைய துணைவரும் காக்கப்படுகிறார்.