உறங்காத பெட்டி

தர்மபுரி ஜில்லாவில் மின்சாரத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்க்கும் பூமி. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் குடியானவன், மின்சாரம் வரும் வேளையை அனுசரித்துத் தன் தூக்கத்தையே மாற்றிக்கொள்கிறான். அவன் கண்விழிப்பதில் பொருளுண்டு. ஆனால், அதே ஜில்லாவில் வசதியுள்ள சில வீடுகளின் அலமாரிக்குள், ஒருவருக்கும் பயனின்றி இரவு முழுவதும் விழித்திருக்கும் பெட்டியொன்று உண்டு. அதைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறோம். விஷயம் அற்பமென்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. நம் வீட்டுக்குள் நம் காசில் ஓடும் யந்திரம் யாருடைய உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

பெட்டி இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். கல்யாணப் படங்கள், குழந்தைகளின் சலனப்படங்கள், ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த தெருக்கூத்து, பழைய பாட்டுகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, வீட்டிலுள்ள எல்லோரும் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் பார்ப்பதற்காக ஏற்பட்டது இது. 'நாஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உள்ளே இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்குகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். சிறிது நேரம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் அந்தத் தட்டுகள் தாமாகவே நின்று உறங்கிவிட வேண்டுமென்பது ஏற்பாடு. கடைக்காரனும் அதைச் சொல்லியே விற்கிறான்.

ஆனால் அவை உறங்குவதில்லை. காரணம், படங்களை எடுத்துக் கொடுப்பதற்கென்று அதே பெட்டியில் குடிவைத்த 'மீடியா ஸர்வர்' என்னும் மென்பொருள். யாரும் கேளாதபோதும் அதற்கு ஓயாத வேலை. புதிய படம் ஏதேனும் வந்ததா என்று குறித்த வேளைதோறும் அறையறையாகத் தேடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் சிறு சித்திரம் வரைந்து வைக்கிறது. தான் செய்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதுகிறது. அந்த நாட்குறிப்பும் அட்டவணையும் அதே தட்டுகளில் இருப்பதால், ஒரு வரி எழுதினாலும் தட்டு சுழன்றாக வேண்டும். இருபது நிமிஷம் சும்மா இருந்தால் உறங்கலாமென்று விதி வைத்திருந்தால், பத்தொன்பதாவது நிமிஷத்தில் ஒரு வரி எழுதியதும் கணக்கு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது. பல பெட்டிகளில் மூல மென்பொருளே எல்லாத் தட்டுகளிலும் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒன்று எழுந்தால் எல்லாம் எழும்.

பதினான்கு வருஷம் இலக்குவன் இமைகொட்டாதிருந்தான் என்று இராம கதை சொல்கிறது. அவன் விழித்தது அண்ணனையும் அண்ணியையும் காப்பதற்காக. இந்தப் பெட்டி விழித்திருப்பது தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொள்வதற்காக!

நஷ்டம் எவ்வளவு என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். இரண்டு தட்டுகள் கொண்ட சிறிய பெட்டி விழித்திருக்கும்போது சுமார் 15 வாட்டும், தட்டுகள் உறங்கும்போது சுமார் 5 வாட்டும் செலவழிக்கும். வித்தியாசம் 10 வாட். நாளெல்லாம் உறங்காவிட்டால் நாளொன்றுக்குக் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல். வருஷத்தில் 87 யூனிட். மாலையில் இரண்டு மணி நேரம் மெய்யாகவே படம் பார்க்கும் வீட்டில் இதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் வீண். 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமென்று அறிவித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். ஏழை வீட்டுக்கு வெளிச்சமாக அமைந்த அந்த அளவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை, வசதியுள்ளவன் வீட்டுப் பெட்டி ஒன்றும் செய்யாமலே விழுங்கிவிடுகிறது.

ஒரு ஜில்லாவில் இப்படி ஆயிரம் வீடுகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், இடைவிடாமல் 10 கிலோவாட் விரயமாகும். 5 குதிரைத்திறன் கொண்ட நீரிறைக்கும் மோட்டார் இரண்டை அது தாராளமாக ஓட்டும். ஒகேனக்கல்லில் விழுந்து, 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் தேங்கி, அங்கே மின்சாரமாக மாறும் காவிரியைக் கண்ணெதிரே காண்கிறவர்கள் இந்த ஜில்லாவாசிகள். அந்தச் சக்தியில் ஒரு துளியும் வீணாகலாகாதென்று சொல்ல அவர்களைவிட உரிமையுடையவர் யார்? மின்சாரம் நின்று பாட்டரியின் தயவில் இருக்கும் இரவில் நிலைமை இன்னும் மோசம். மின்விசிறிக்கென்று சேர்த்து வைத்த சக்தியில் பெட்டியும் பங்கு கேட்கிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. "தட்டை நிறுத்துவதும் கிளப்புவதுமே அதற்குத் தேய்மானம்; ஓடிக்கொண்டே இருப்பது நல்லது" என்று அறிந்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. நின்ற தட்டைக் கிளப்புவதற்குச் சில வினாடிகள் பன்மடங்கு சக்தி வேண்டும். எத்தனை தடவை கிளப்பலாமென்பதற்கும் எல்லையுண்டு. இரவு பகலாகப் பலர் பயன்படுத்தும் ஆபீஸ் யந்திரத்துக்கு இந்த வாதம் பொருந்தும். மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் படம் பார்க்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது. அன்றியும், இந்த வாதமே மீடியா ஸர்வரின் குற்றத்தை அதிகமாக்குகிறது. அரை மணிக்கொரு தரம் உறங்கவிட்டு எழுப்பினால் நாளைக்கு 48 தடவை, வருஷத்துக்கு 17,520 தடவை தட்டு நின்று கிளம்ப நேரும். முழு விழிப்பும் அல்ல, முழு உறக்கமும் அல்ல. இரண்டிலும் உள்ள கெடுதல் மாத்திரம் மிஞ்சும்.

இனி, உத்தரவு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். பிளெக்ஸ் என்னும் பிரசித்தமான மென்பொருள், வீட்டுக்காரர் மாற்றாவிட்டால், இரவு 2 மணி முதல் 5 மணி வரை தன் பராமரிப்பு வேலைகளை வைத்துக்கொள்கிறது. வீடு உறங்கும் வேளை அதற்கு வேலை வேளை. நம் பெட்டியில் நாம் வைத்த படத்தை வெளியூரிலிருந்து பார்ப்பதற்கும் 2025 ஏப்ரல் 29 முதல் அந்தக் கம்பெனி கட்டணம் விதித்தது. விதி செய்கிறவன் ஒருவன், மின்கட்டணம் செலுத்துகிறவன் வேறொருவன் என்றால், அதற்கு நம் தேசத்தார் அறிந்த பழைய பெயர் ஒன்றுண்டு.

மாற்றுவழி இல்லாமலில்லை. எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிவிட்டபோது, 2018 டிசம்பரில் தொண்டர்கள் சிலர் அதன் பழைய திறந்த நிரலிலிருந்து ஜெல்லிஃபின் என்பதைத் தொடங்கினார்கள். எவரும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், விலையில்லை. ஆயினும் அதுவும் சொல்லாமல் விட்டால் 12 மணிக்கொரு தரம் தட்டுகளைத் துழாவத்தான் செய்கிறது. இதிலிருந்து ஒரு படிப்பினை கிடைக்கிறது. சுதந்திரம் கையில் கிடைத்தால் மாத்திரம் போதாது; அதை எடுத்து உபயோகிக்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமன்று. ஓர் இரவு மீடியா ஸர்வரை முற்றிலும் நிறுத்திப் பாருங்கள். தட்டுகள் உறங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பிறகு, வேளைதோறும் தேடும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, புதுப்படம் சேர்க்கும் அன்று மாத்திரம் தேடச் சொல்லுங்கள். பராமரிப்பு வேலைகளைக் குடும்பம் படம் பார்க்கும் மாலை வேளைக்கு மாற்றுங்கள். தட்டு அப்போது எப்படியும் சுழல்கிறது. அட்டவணையையும் நாட்குறிப்பையும், சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். உபயோகிக்காத சேவைகளை அணைத்துவிடுங்கள். ஒரு சாயங்காலத்து வேலை, பலன் வருஷக்கணக்கில்.

சர்க்காருக்கும் கடமையுண்டு. ஐரோப்பிய யூனியன் 2008-ஆம் வருஷத்திலேயே, சும்மா இருக்கும் யந்திரம் இவ்வளவு வாட்டுக்கு மேல் உண்ணலாகாதென்று சட்டம் செய்தது. 2025 மே முதல் அதை மேலும் இறுக்கியது. நம் நாட்டிலும் 2001-இல் எரிசக்திச் சிக்கனச் சட்டம் பிறந்து, அடுத்த வருஷமே அதற்கென்று ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது. குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரம் ஒட்டும் அந்த ஸ்தாபனம் இந்தப் பெட்டிகளையும் கவனிக்க வேண்டும். விழித்திருந்தால் எத்தனை வாட், உறங்கினால் எத்தனை, உள்ளே வைத்து விற்கும் மென்பொருளுடன் மெய்யாகவே உறங்குமா என்ற மூன்றையும் பெட்டியின் மேல் தமிழிலும் அச்சிடச் சொல்ல வேண்டும்.

1925-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி சுப்பிரமணிய சிவா உயிர்நீத்த பாப்பாரப்பட்டி இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. சிறையில் பெற்ற கொடிய நோயுடன், ரயிலில் ஏறலாகாதென்று அந்நிய சர்க்கார் தடுத்தபோதும், கால்நடையாக ஊர் ஊராகச் சென்றவர் அவர். அந்தத் தியாகத்தை ஒரு பெட்டியின் கதையோடு ஒப்பிடும் அளவுக்கு நமக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. ஆனால், தம் வீட்டுக்குள் நடப்பதற்குத் தாமே எஜமானராக இருக்க வேண்டுமென்ற உணர்ச்சி சிறு விஷயத்தில் மங்கினால் பெரிய விஷயத்திலும் மங்கும். இன்றிரவு விளக்கணைத்த பிறகு, அலமாரியருகே சென்று நேயர்கள் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்கட்டும். உள்ளே தட்டு சுழலும் ஒலி கேட்டால், நாளைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.