குடமா, கட்டையா?

பனவடலிசத்திரம் வட்டாரத்தில் அம்மன் கோயில் கொடை என்றால் வில்லிசையும் உண்டு, மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. வில்லுப்பாட்டின் மண்குடத்துக்கும் மெல்லிசைக் குழுவின் மின்கித்தாருக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். உறவு உண்டு. குடமும், பலாமரத்தைக் குடைந்து செய்யும் வீணையும், கித்தாரின் கூடும் உள்ளிருக்கும் வெற்றிடத்தால்தான் முழங்குகின்றன.

நம் கல்லூரி இசைக்குழுவுக்கு ஒரு மின்கித்தார் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது. கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும். எனவே முழுக் கூடா, பாதிக் கூடா என்பதை முன்னரே தெளிந்து கொள்வது நலம்.

முழுக் கூட்டுக் கித்தார்தான் மூத்தது. கிப்சன் நிறுவனம் 1936இல் வெளியிட்ட 'இ.எஸ்.150' என்னும் கித்தாரைக் கொண்டே சார்லி கிறிஸ்டியன் ஜாஸ் இசையில் புகழ்பெற்றார். அதன் நாதம் கனிவானது. மரத்தின் மணம் வீசுவது போன்றது. ஆனால் அந்தக் கூடே அதன் பகையும் ஆகும். ஒலிபெருக்கியின் ஓசை கித்தாரின் மேற்பலகையைத் தாக்குகிறது. பலகை அதிர்ந்து தந்தியை அசைக்கிறது. தந்தியின் கீழுள்ள காந்தச் சுருள் அந்த அசைவை மின்னோட்டமாக்கி மீண்டும் ஒலிபெருக்கிக்கே அனுப்புகிறது. இந்தச் சுழற்சி நொடியில் வளர்ந்து 'ஊ' என்று ஊளையிடும். பாடுபவர் யாராயினும் அத்துடன் பாட்டு போயிற்று!

1940ஆம் ஆண்டையொட்டி லெஸ் பால் என்பவர் நான்கங்குலப் பைன் கட்டையில் தந்திகளைப் பூட்டிப் பார்த்தார். ஊளை நின்றது. பார்ப்பவர்க்குக் கித்தாராகத் தெரியட்டும் என்று பழைய கித்தார் ஒன்றை அறுத்து, அதன் இரு பாதிகளையும் இருபுறமும் ஒட்டினாராம்! 1958இல் வந்த கிப்சன் 'இ.எஸ்.335' இதே கருத்தின் முதிர்ந்த வடிவம். இருபுறமும் வெற்றுக் கூடு. நடுவே கழுத்திலிருந்து அடிவரை மேப்பிள் கட்டை. மேற்பலகை எளிதில் அதிராததால் ஊளை குறைகிறது. மீட்டிய சுரமும் நெடுநேரம் நிற்கிறது. முழுக் கூட்டின் கனிவில் சிறிது குறையும் என்பது உண்மையே.

வாங்குபவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. தடிமனைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பீட்டில்ஸ் குழுவினர் மூவர் வாசித்த எபிஃபோன் 'கேசினோ' மெலிந்தது. ஆனால் உள்ளே கட்டை கிடையாது. எஃப் வடிவத் துளை வழியே விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். நடுவில் கட்டையின் பக்கச் சுவர் தெரிந்தால் அது பாதிக் கூடு. எதிர்ப்பக்கம் வரை வெற்றிடமானால் முழுக் கூடு.

பாட்டு அறையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் முழுக் கூட்டுக்கே என் வாக்கு. கொடை மேடையோ சிறியது. வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னேயே ஒலிபெருக்கிப் பெட்டி நிற்கும். அங்கே பாதிக் கூடுதான் மானம் காக்கும். நம் குழு மேடைக்கென்றே வாங்குவதால் அதையே தேர்வது தக்கது.

ஏற்கெனவே முழுக் கூடு வைத்திருப்போர் அதை விற்க வேண்டியதில்லை. பி.பி.கிங் தம் கித்தாரின் துளைகளில் துணியை அடைத்தே வாசித்து வந்தார்; 1980இல் அவருக்கென வந்த 'லூசில்' கித்தாரில் துளையே வைக்கவில்லை. துணி அடைத்து, கீழ்ச்சுர ஒலியைச் சற்றுக் குறைத்து, பெட்டியை விட்டு நான்கடி விலகி நின்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.