விலை உயர்ந்த ஹெட்போனுக்கு மலிவான ஆம்ப் போதுமா?

ஆசையாக வாங்கிய ஹெட்போனைக் கைப்பேசியில் செருகினால், பாட்டு எங்கோ தூரத்தில் ஒலிக்கிறதா? குறை ஹெட்போனில் இல்லை. சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றின் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு, 300 ஓம். அவற்றுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. அதைத் தருவதுதான் ஆம்ப்ளிஃபையரின் வேலை.

அதற்காக ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்ட வேண்டியதில்லை. மூன்றைக் கவனித்தால் போதும்.

முதலாவது, உங்கள் ஹெட்போனின் ஓம் அளவில் ஆம்ப் எத்தனை மில்லிவாட் தருகிறது என்று பாருங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் 32 ஓமுக்கான கணக்கு. 300 ஓமில் அது வெகுவாகக் குறையும்.

இரண்டாவது, ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாதிருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். கூடினால் பாட்டின் இயல்பான ஒலி மாறக்கூடும்.

மூன்றாவது, வாட் இரு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறு வித்தியாசமே. அதற்கு இரு மடங்கு விலை எதற்கு?

கடைக்கு உங்கள் ஹெட்போனையே கொண்டுபோய், பழகிய பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியிலேயே ஒலி நிறைவாக இருந்தால் ஆம்பே வேண்டாம், வெள்ளி மிச்சம்!