முன்னச்சில் ஒரு சொட்டு

ஊர்காவற்றுறையிலே படகேறி எழுவைதீவில் இறங்குவோரை வரவேற்பன பனைகள். ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி 'ஹோர்ன்' என்றனர். அனலைதீவு அவர்களுக்கு 'ரொட்டர்டாம்'. அப்பெயர்கள் கடற்காற்றோடு போய்விட்டன. நெடுந்தீவு மாத்திரம் 'டெல்ஃப்ட்' என்னும் பெயரை இன்றும் சுமந்து நிற்கின்றது. இத்துணைச் சிறு தீவை முன்னிட்டு மோட்டார் வண்டியின் முன்னச்சைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் ஐயுறலாம். பட்டணத்திலே வண்டி பழுதானால் அதைக் கராஜிலே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போகலாம். வண்டிகள் சிலவே உள்ள தீவிலோ ஒரு வண்டியின் நோய் ஊராரின் நோய்.

நான்கு சில்லுகளையும் இயந்திரமே சுழற்றும் வண்டியை உலகம் நன்கறிந்தது இரண்டாம் உலகப் போரின் ஜீப்புகளால். அவற்றின் தம்பியான லான்ட் றோவர் 1948-ல் அம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியிலே அரங்கேறியது. அதுவும் ஒரு தீவின் பிள்ளையே. வேல்ஸ் நாட்டை அடுத்த ஆங்கிள்சித் தீவிலே நிலம் வைத்திருந்த மோரிஸ் வில்க்ஸ் என்பார், தம் பழைய ஜீப்புக்கு மாற்றாக ஒரு வண்டியின் உருவைக் கடற்கரை மணலிலே கீறிக் காட்டினார் என்பர். மணலிலே பிறந்த வண்டிக்கு உப்புநீரே பகையானது வேடிக்கைதான்.

பின்னச்சுக்குச் சில்லைச் சுழற்றும் வேலை ஒன்றே. முன்னச்சோ சுழற்றவும் வேண்டும். இடமும் வலமும் திரும்ப இடங்கொடுக்கவும் வேண்டும். ஆதலின் லான்ட் றோவரிலே அச்சுக் குழாயின் இரு முனைகளிலும் குரோமியம் பூசிய உருண்டை ஒவ்வொன்று உண்டு. அதைக் கவிந்தபடி ஒரு கூடு திரும்புகின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள பெரிய வளையம் உருண்டையை ஓயாது துடைத்து, எண்ணெயை உள்ளே நிறுத்துகின்றது. இதனையே ஒயில் சீல் என்கிறோம். உருண்டைக்கும் நடுவிலுள்ள டிபரென்ஷியல் பெட்டிக்கும் இடையே வேறொரு சீலும், சில்லின் குடத்திலே மற்றுமொன்றும் உண்டு. எது ஒழுகினாலும் ஈரம் ஒரே இடத்திலே வந்து சேர்வதால், கண்டவர் கண்டதைக் குற்றஞ்சாட்டிப் புதுச் சீல் வாங்க ஓடுவர். இரண்டு மாதத்தில் மீண்டும் ஒழுகும். சீல் செய்தவனைத் திட்டுவர்.

முதலிற் செய்யவேண்டியது கழுவுவது. மண்ணெண்ணெயால் அழுக்கைப் போக்கித் துடைத்து உலர்த்தி, அச்செங்கும் சுண்ணாம்புத் தூளைத் தூவி, வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி ஒழுகும். ஓட்டத்திலே காற்று அதைப் பின்னே தள்ளும். ஆகவே சொட்டும் இடம் பிறந்த இடமன்று. ஈரம் தோன்றிய இடங்களுள் எது மிக மேலே, எது மிக முன்னே என்று பார்த்தால் ஊற்றுக்கண் தெரியும்.

அடுத்து, எண்ணெயின் அளவு. சமதரையிலே வண்டியை நிறுத்தி ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றினால், எண்ணெய் துளையின் கீழ்விளிம்பளவே நிற்கவேண்டும். டிபரென்ஷியலிற் குறைந்தும் உருண்டைக்கூட்டிலே நிரம்பி வழிந்தும் இருந்தால் உட்சீல் கெட்டது என்பது உறுதி. அங்கே வெளிச்சீலை மாற்றுவது வீண் செலவு. எண்ணெய் பால்தேநீர் நிறமாயிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்க.

நீர் எவ்வாறு புகுகின்றது? அச்சின் மேலே மூச்சுவிடுதற்கென ஒரு சிறு துளை உண்டு. ஓடிச் சூடேறிய அச்சினுள் காற்று விரிந்து அவ்வழியே வெளியேறும். துளை சேற்றாலும் உப்பாலும் அடைபட்டால் விரிந்த காற்று சீலின் உதட்டை நெக்கி எண்ணெயை வெளியே தள்ளும். அந்தச் சூட்டோடு வண்டியைப் படகண்டை கடல்நீரில் இறக்கினாலோ உட்காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, அதே சீல் வழியே உப்புநீரை உறிஞ்சும். அரைச் சதமும் செலவில்லாத துளை! அதைக் குத்தித் திறவாமையால் வாங்கப்பட்ட சீல்கள் எத்தனையோ. இன்னொரு சங்கடமும் உண்டு. இக்கசிவு நீண்ட ஓட்டத்திலேயே தலைகாட்டும். எழுவைதீவின் தெருவோ அச்சுச் சூடேறுமுன் முடிந்துவிடும். நாலைந்து முறை போய்வந்தாலன்றிக் குற்றவாளி அகப்படான்.

உருண்டையின் குரோமியத்தை உப்புக்காற்று அரித்துக் குழியாக்கியிருந்தால், அக்குழியின் கூர்விளிம்பு புதுச் சீலை அரம்போல் அறுக்கும். சிறு குழிகளை எபொக்சிப் பசையால் நிரப்பி வழவழப்பாகத் தேய்ப்பதுண்டு. மிக அரித்ததை மாற்றுவதே முறை. சில்லை உயர்த்தி மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்து, ஆட்டம் கண்டால் பெயறிங்கையும் கவனிக்கவேண்டும். ஆடும் தண்டின்மேல் எந்தச் சீலும் நிலையாது. குடத்தைக் கழற்றாது, பெரிய சீலை ஓரிடத்தில் வெட்டி வளைத்து மாட்டும் குறுக்குவழியும் கைக்காரரிடையே உண்டு. வெட்டு மேற்புறம் இருக்குமாறு வைத்தால் சிலகாலம் நிற்கும். அவசரத்துக்கு அதைக் குறைகூறேன்.

1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் துளியால் உயிரூட்டி மண்ணெண்ணெயால் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டிய யாழ்ப்பாணத்தாருக்குக் குறுக்குவழியை நாம் கற்பிக்கவேண்டியதில்லை. ஆயினும் அக்கெட்டித்தனத்தைச் சில்லின் குடத்துச் சீலிலே காட்டலாகாது. அது ஒழுகினால் எண்ணெய் பிறேக்கில் இறங்கும். ஒரு பக்கப் பிறேக் வழுக்க, மறுபக்கம் பிடிக்க, வண்டி பிடித்த பக்கம் பாயும். ஒடுங்கிய தெருவிலே அப்பக்கம் வேலியோ பிள்ளைகளோ யார் கண்டார்? எண்ணெய் குடித்த பிறேக் பட்டையைக் கழுவியோ சுட்டோ மீண்டும் மாட்டாது, இருபுறமும் புதிதாக மாற்றவேண்டும். பழைய பட்டைகளிலே அஸ்பெஸ்தசு இருக்கலாம்; அத்தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது நன்று.

"ஒரு சொட்டுத்தானே தம்பி, ஓடட்டும்" என்பாரும் உளர். அச்சொட்டு போகுமிடத்தை அவர் எண்ணுவதில்லை. இத்தீவுகளின் நிலம் சுண்ணக்கல்; ஆறில்லை, மலையில்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி தாழ்ந்திருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கணக்கிட்டார் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர். சிறு தீவிலே அந்த ஓரடியும் அரிது. நாம் குடிப்பது அவ்வில்லையை. எண்ணெய் இறங்குவதும் அதனுள்ளேதான். சுன்னாகத்திலே மின்னிலையக் கழிவெண்ணெயாற் கிணறுகள் கெட்ட வழக்கிலே 2019-ல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. அது பெரும் ஆலையின் குற்றம்; வண்டிச் சொட்டோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் அடியில் உள்ள கல் ஒரே இனத்துக் கல். வழக்குப் பேசும் ஆற்றல் பெருங்கிராமத்துக்கு உண்டு. எழுவைதீவின் ஒரு வளவுக் கிணற்றுக்கு யார் பேசுவார்?

ஆகவே பழுதுபார்க்கும் நாளிலே அச்சின் கீழ் அகன்ற தட்டு வைக்கவேண்டும். வடித்த எண்ணெயை வேலியோரம் ஊற்றுவதும், கறையானுக்கு மருந்தென்று பனங்கப்புகளின் அடியிலே பூசுவதும் நம்மவர் பழக்கம். இரண்டும் கிணற்றுக்கே போகும் வழி. தகரத்திலே ஊற்றி இறுக மூடி, துடைத்த துணிகளையும் கட்டி, அடுத்த படகிலே ஊர்காவற்றுறைக்கு அனுப்பிவிடுக. படகுக்காரர் தகரத்துக்குத் தனிக்கூலி கேட்பாராயின், பேரம் பேசாது கொடுத்துவிடுக.