துணை ஒப்பந்தமும் தொழிலாளர் உரிமையும்

மதுரை நகரத்துச் சாலைப் பணியாயினும், மேலூர், திருமங்கலம் பக்கத்து வாய்க்கால் வேலையாயினும், முகப்பில் நட்ட பலகையில் ஒருவர் பெயர் இருக்க, சனிக்கிழமை மாலை கூலியை எண்ணித் தருபவர் வேறொருவராக இருப்பது சர்வசாதாரணம். டெண்டர் எடுத்த பெரிய காண்ட்ராக்டர் மண் வேலையை ஒருவருக்கும் கம்பி கட்டுவதை மற்றொருவருக்கும் சப் காண்ட்ராக்ட் விட, அவர்கள் மேஸ்திரிகளை அழைக்க, மேஸ்திரி ஆள் சேர்க்க, பொதுஜனங்களின் வரிப்பணம் படிதோறும் ஒரு கமிஷனை உதிர்த்துவிட்டே கடைசிக் கைக்கு வருகிறது. இவ்வேற்பாடே சட்டவிரோதமென்று கருத வேண்டியதில்லை. பொறியாளரின் எழுத்து மூலமான அனுமதி பெற்று வேலையில் ஒரு பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்க ஒப்பந்தப் பத்திரங்களில் பொதுவாக இடமுண்டு. வேலை கைமாறினாலும் பொறுப்பு கைமாறாது என்பதும் அதே பத்திரத்தின் நிபந்தனையே. ஆனால், எழுத்து மூலமான அனுமதியின்றி வாய்மொழியாகவே காரியம் நடந்துவிடுவதுதான் வழக்கம் என்பது என் அபிப்பிராயம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி விபத்தின்போதே எழுகிறது. 2021 ஆகஸ்ட் 28 அன்று, மதுரை புது நத்தம் சாலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்காகக் கட்டப்பட்டுவந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தின் ஒரு பகுதி சரிந்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவர் மாண்டார். ஐந்து மாதம் கழியுமுன், 2022 ஜனவரி 21 இரவு, பழங்காநத்தம் நேரு நகரிலுள்ள மாநகராட்சிக் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலையில் ஈடுபட்டிருந்த மூன்று ஒப்பந்தத் தொழிலாளர் விஷவாயுவால் இறந்தனர். இத்தகைய வேளைகளில் எங்கும் முதலில் எழும் வாக்கியம், ‘அவர் எங்கள் ஆளல்லர்’ என்பது.

அந்த வாக்கியத்துக்குச் சட்டம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், காண்ட்ராக்டரின் ஆளுக்கு விபத்து நேர்ந்தால் பிரதான முதலாளியிடமே (வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரிடமே) இழப்பீடு கோரலாமென வகுத்தது; 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் கூலி தராவிடில் பிரதான முதலாளி தந்துவிட்டு, அதை அவருடைய பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றது. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துள்ளன. ஊதியத் தொகுப்பின்படி, கூலி பாக்கிக்கு மூன்றாண்டுக்குள் மனுச் செய்யலாம். மாநகராட்சி வேலையெனில் மாநிலத் தொழிலாளர் துறையை அணுகவேண்டும். கழிவுநீர்க் குழி மரணத்துக்கு 2014-இல் 10 லட்சமென உச்ச நீதிமன்றம் விதித்த தொகை, 2023 அக்டோபரில் 30 லட்சமாயிற்று. மனுவுக்கு உயிர் தருபவை வருகைப் பதிவு, வங்கிக் கணக்கில் ஏறிய கூலி, பலகையின் புகைப்படம் ஆகியவையே. ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்.

விசித்திரம் யாதெனில், கூலியாளுக்குள்ள இந்த வழி, நடுவில் நிற்கும் சப் காண்ட்ராக்டருக்கு இல்லை. உதவிப் பொறியாளர் எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், அளவு எழுதி அனுப்பும் பில், கையொப்பமிட்ட காண்ட்ராக்டரின் பெயருக்கே பாஸாகும். வேலையை முடித்தவர் சப் காண்ட்ராக்டரே ஆயினும், அரசுக்கும் அவருக்கும் ஒப்பந்த சம்பந்தமில்லை. பதிவு பெற்ற குறுந்தொழிலாயின், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளைக் கடந்த பாக்கிக்கு வட்டியோடு வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். ஆயினும் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அச்சட்டம் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களிடையே அபிப்பிராய பேதம் இருந்துவந்துள்ளது. ஆகையால் ஜல்லி இறங்குமுன்பே விகிதம், தவணை, அளவு நகல் பெறும் உரிமை ஆகியவற்றை முத்திரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.