ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜெலுத்தோங்கின் அஞ்சல் குறியீடு 11600. இந்த எண்ணை மீதம் வராமல் வகுக்கும் எண்கள், அதாவது அதன் காரணிகள், மொத்தம் 30. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து எண்ண வேண்டியதில்லை. 11600ஐப் பிரித்தால் நான்கு 2, இரண்டு 5, ஒரு 29 கிடைக்கும். இவை மேலும் பிரிக்க முடியாத பகா எண்கள். ஒரு காரணியை உருவாக்க 2ஐ ஐந்து விதமாக எடுக்கலாம். ஒன்றுகூட எடுக்காமல் விடுவதும் ஒரு விதம்தான். 5ஐ எடுக்க மூன்று விதம், 29க்கு இரண்டு. பெருக்கினால் 30!

பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதைவிடச் சிறிய 10080க்கு 72 காரணிகள். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்ணுக்கு 'உயர் பகு எண்' என்று பெயர்.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். மறு ஆண்டே இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916இல் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்ததும் இந்த ஆய்வுதான். கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை. அதனால் அச்சேறாமல் நின்ற மீதிப் பகுதி 1997இல்தான் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் 6,746,328,388,800 வரை 102 உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டார். கணினி இல்லாத காலம்! ஒன்றே ஒன்று விடுபட்டது: 293,318,625,600. வினாடிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே போனால், இதைத் தொட 9,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பிரித்துப் பார்ப்போம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 தலா ஒரு முறை. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது, நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 13ஐ விட்டுவிட்டு 17ஐ மட்டும் வைத்திருந்தால், அந்த 17ஐ 13ஆக மாற்றினாலே எண் சிறுத்துவிடும். காரணிகளின் எண்ணிக்கையோ குறையாது. பெரிய பகா எண்ணுக்கு வீணாக இடம் கொடுத்தால் உயர் பகு எண் ஆக முடியாது.

இப்போது காரணிகளை எண்ணுங்கள். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அந்த 5040ம் ஓர் உயர் பகு எண்! அதற்கு 60 காரணிகள். 60க்கு 12. 12க்கு 6. 6க்கு 4. இத்தனையும் உயர் பகு எண்களே. நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்க, இப்படியொரு வம்சாவளி கொண்டதா விடுபட வேண்டும்?

இன்னொரு சிறப்பு: 5040 காரணிகள் கொண்ட எண்களில் மிகச் சிறியது இதுதான். சரி, 293,318,625,600 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண் எது? அது 75 இலக்க எண். ஆனால் உயர் பகு எண் அல்ல. அதிலிருந்து இரண்டு 3களை எடுத்துவிட்டு மூன்று 2களைச் சேர்த்தால் எண் சிறுக்கும், காரணிகள் கூடும். வம்சம் அங்கே அறுந்துவிடுகிறது.