வீட்டு வலையமைப்புக் கருவிகள்
வீட்டு வலையமைப்பு என்பது ஓர் இணைய இணைப்பை வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி முதலியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு ஆகும். பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு நொடிக்கு 1 கிகாபிட் வேகம் வழங்குவது பாரத்நெட் இரண்டாம் கட்டத் திட்டத்தின் இலக்காகும். தமிழ்நாட்டில் இதனைச் செயற்படுத்துவது டான்ஃபிநெட் நிறுவனம். எனினும், வீட்டுக்கு வந்துசேரும் வேகம் முழுவதும் பயன்படுவது உள்ளிருக்கும் கருவிகளைப் பொறுத்ததே.

ஒளியிழை வீட்டிலுள்ள முனையக் கருவியில் முடிகிறது. அங்கிருந்து கணினி வரையுள்ள பாதையில் மிக மெதுவான பகுதியே மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும். விலை குறைந்த திசைவிகள் பலவற்றின் ஈத்தர்நெட் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டா. பெட்டியின் மீது கம்பியில்லா வேகம் 300 என அச்சிட்டிருப்பினும் இதுவே நிலை. எனவே வாங்குமுன் துளைகள் கிகாபிட் வகையா எனப் பார்க்க வேண்டும்.

வடத்தில் 100 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் தேவை. மற்ற நான்கில் ஒன்று அறுந்தால், இணைப்பு நிற்காமல் பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஆகையால் பழுது எளிதில் புலப்படாது. கேட் 5இ வகை வடம் 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும்.

வை-ஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை எளிதில் கடக்கும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் கான்கிரீட்டில் வலுவிழக்கும். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை இங்கு நினைவுகூரலாம். மாடி வீடுகளில் விலையுயர்ந்த ஒற்றைத் திசைவியைவிட, மேல்தளத்துக்கு வடம் இழுத்து இரண்டாவது அணுகுபுள்ளி பொருத்துவதே மேல்.

செப்புக்கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் வந்தது, ஒளியிழையில் வராது. மின்தடையின்போதும் இணையம் தேவையெனில் முனையக் கருவி, திசைவி இரண்டுக்கும் மின்கலம் வேண்டும்.